பாரிஸிலிருந்து இஸ்தான்புல் வரை ரயிலில்: திட்டமிடுவோர் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரிலிருந்து பாரிஸுக்கு என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா, ஊர் திரும்பும் விமானத்தை இஸ்தான்புல்லிலிருந்து பிடிக்கட்டும், அதுவரை இருவரும் ரயிலிலேயே போவோம் என்று ஒரு ஜூன் மாதம் கிளம்பினோம். பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, துருக்கி என்று ஏழு நாடுகள், எட்டு நாட்கள். அம்மாவுக்கு வயது 68. திரும்பி வந்ததிலிருந்து உறவினரும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

பாரிஸில் ஏறி இஸ்தான்புல்லில் இறங்குகிற மாதிரி ஒரே ரயில் இருக்கிறதா?

இல்லை. நேரடி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் 1977 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது குறைந்தது நான்கு ரயில்களில் ஏறி இறங்க வேண்டும். நாங்கள் போன வழி இது: பாரிஸ் கார் தெ லெஸ்ட் நிலையத்திலிருந்து மியூனிக், அங்கே ஓர் இரவு. மறுநாள் மியூனிக்கிலிருந்து ரயில்ஜெட் என்ற ஆஸ்திரிய விரைவு ரயிலில் புடாபெஸ்ட், ஏறத்தாழ ஏழு மணி நேரம். அங்கே இரண்டு இரவுகள். பிறகு இரவு ரயிலில் புகாரெஸ்ட், அங்கேயும் இரண்டு இரவுகள். கடைசியாகப் புகாரெஸ்ட்டிலிருந்து காலையில் புறப்பட்டு மறுநாள் விடியலில் இஸ்தான்புல்.

அவசரமாகப் போனால் நான்கு இரவுகளில் முடிக்கலாம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

பெரும்பாலோர் புறப்படும் ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். பாரிஸ்-மியூனிக் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று உடனே வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் புகாரெஸ்ட் போகும் இரவு ரயிலில் அந்தத் தேதிக்குப் பர்த் இல்லை. வாங்கிய மலிவு டிக்கெட்டுக்குப் பணமும் திரும்பாது.

தலைகீழாகச் செய்யுங்கள். பயணத்தில் எந்த ரயில் நாளுக்கு ஒன்றுதான் ஓடுகிறது, எதில் இடம் குறைவு, எது குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அதுதான் உங்கள் ஆணி. இந்த வழியில் இரண்டு ஆணிகள் உண்டு. ஒன்று, புடாபெஸ்ட்-புகாரெஸ்ட் இரவு ரயில். மற்றொன்று, புகாரெஸ்ட்டிலிருந்து இஸ்தான்புல் வரை மாறாமல் போகும் பெட்டி. கோடை மாதங்களில் மட்டும்தான் அதை இணைப்பார்கள். அந்த இரண்டு தேதிகளையும் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். மியூனிக்கிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு ஒரு ரயில் போனால் இன்னொன்று வரும். வியன்னா-புடாபெஸ்ட் ரயில்ஜெட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, பகல் முழுக்க அடுத்தடுத்து உண்டு. அதற்குப் போய் ஆறு மாதம் முன்பே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒவ்வொரு ஆணிக்கும் முந்தைய இரவை அதே ஊரில் கழியுங்கள். இரவு ரயில் கிளம்பும் ஊருக்கு அன்று மாலை ஐந்து மணிக்கு வந்து இறங்கி ஏழு மணிக்கு ஏறலாம் என்று போடும் கணக்கு தாளில் அழகாகத்தான் இருக்கும். முன்பொரு முறை நான் அப்படிப் போட்டு, முதல் ரயில் பிந்தியதில் இரவு ரயிலின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு விடுதிக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு பர்த் வாங்கியிருக்கலாம்.

கால அட்டவணையை எங்கே பார்ப்பது?

ஐரோப்பா முழுவதற்கும் ஜெர்மன் ரயில்வேயின் இணையதளத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். டிக்கெட் விற்காத வழிகளுக்கும் பெரும்பாலும் நேரம் காட்டும். ஆனால் ருமேனியா, பல்கேரியா, துருக்கிப் பகுதிகளுக்கு அதோடு நிற்காமல் அந்தந்த நாட்டு ரயில்வே தளத்திலும் சரிபாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் குறிப்புகளைத் தேதி பார்க்காமல் நம்பாதீர்கள். உதாரணம் சொல்கிறேன். பாரிஸ்-வியன்னா நைட்ஜெட் இரவு ரயில் 2021 டிசம்பரில் தொடங்கியது. பிரெஞ்சு அரசின் உதவித்தொகை நின்றதால் 2025 டிசம்பரில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதை வைத்துத் திட்டம் சொல்லும் பக்கங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

முன்பதிவு எப்போது திறக்கும்?

இந்திய ரயில்வே போல எல்லாவற்றுக்கும் ஒரே நாள் கணக்கு இங்கே கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி திறக்கும். பொதுவாக இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம், சிலது அதற்கும் முன்பே. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பா முழுவதும் ஆண்டுக்கொரு முறை, டிசம்பர் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை, கால அட்டவணை மாறும். அந்தத் தேதியைத் தாண்டிய பயணங்களுக்கு அக்டோபர், நவம்பர் வரைகூட டிக்கெட் திறக்காமல் இருக்கும். பொங்கலுக்குப் பயணம் என்று ஆகஸ்ட்டில் தேடிவிட்டு, 'ரயிலே இல்லை போலிருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள்.

காத்திருப்புப் பட்டியல், ஆர்ஏசி எதுவும் இங்கே கிடையாது. இடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதே சமயம் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் பெரும்பாலான பகல் ரயில்களில் இருக்கை பதியாமலும் டிக்கெட் வாங்கலாம். காலி இருக்கை கிடைத்தால் உட்காரலாம், கிடைக்காவிட்டால் நிற்க வேண்டியதுதான். பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயிலிலும் இரவு ரயில் பர்த்துகளுக்கும் பதிவு கட்டாயம்.

பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா?

பல நாட்டு ரயில்களிலும் செல்லும் பாஸ் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. எனக்கு இன்டர்ரெயில், அம்மாவுக்கு யூரெயில். இன்டர்ரெயில் வைத்திருப்பவர் தான் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். 28 வயதுக்குக் கீழும் 60க்கு மேலும் விலை குறைவு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை.

ஒரு மாதத்துக்குள் ஏதேனும் நான்கு நாட்கள் பயணம் செய்யும் பாஸ் எங்களுக்குச் சரியாக வந்தது. நாங்கள் ரயிலில் போன நாட்கள் நான்குதான். இரவு ரயிலில் புறப்படும் நாள் மட்டுமே கணக்கில் சேரும், நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயில் மாறாத வரை. இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ் இருந்தாலும் இருக்கைக்கும் பர்த்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாரிஸிலிருந்து ஜெர்மனி போகும் டிஜிவியில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடம் குறைவு, அதை முன்கூட்டியே பிடியுங்கள். மூன்று மாதம் முன்பே தேதிகள் உறுதி, இடையில் மாறாது என்றால் தனி டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு. தேதி நழுவலாம், வழி மாறலாம் என்றால் பாஸ். நான் பாஸ் பக்கம்தான். பெரியவர்களோடு போகும்போது 'இன்று வேண்டாம், நாளை போகலாம்' என்று சொல்ல முடிவது பெரிய நிம்மதி.

விசா எத்தனை வேண்டும்?

பிரான்ஸ் முதல் பல்கேரியா வரை ஆறு நாடுகளும் இப்போது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதி. ருமேனியாவும் பல்கேரியாவும் தரைவழி எல்லைகளையும் சேர்த்து முழுதாக உள்ளே வந்தது 2025 ஜனவரி 1இல்தான். அதற்கு முன் எழுதிய குறிப்புகளில் 'ருமேனிய எல்லையில் நடுராத்திரி எழுப்புவார்கள்' என்று இருக்கும். அந்தக் காலம் போய்விட்டது. ஆக ஒரு ஷெங்கன் விசா, அப்புறம் துருக்கி.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்க அல்லது அயர்லாந்து விசாவோ வசிப்பிட அனுமதியோ இருந்தால் துருக்கிக்கு இ-விசா எடுக்கலாம். துருக்கிக்குள் நுழையும் தேதியில் அந்த விசா உயிரோடு இருக்க வேண்டும். அச்செடுத்த தாள் ஒன்றைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் அகாலத்தில் கைபேசிச் சமிக்ஞையை நம்பி நிற்க வேண்டாம்.

ஷெங்கன் விசாவைப் பலமுறை நுழைவுக்கே கேளுங்கள். ஒருமுறை நுழைவு என்றால், பல்கேரியாவை விட்டு வெளியேறியதும் அது முடிந்தது. இஸ்தான்புல் பார்த்துவிட்டுப் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்றால், அதிக நாட்கள் தங்கும் நாடு எதுவோ அது. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. விசாவுக்குக் காட்டும் 30,000 யூரோ காப்பீடு ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும்தானா என்று பார்த்து, துருக்கிக்கும் சேர்த்து எடுங்கள்.

ஐரோப்பாவில் வசிப்பிட அட்டை வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் அசலாக எடுத்துப் போங்கள். அந்த அட்டையோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். அட்டை புதுப்பிப்பில் இருந்து, கையில் தற்காலிக ரசீது மட்டும் இருக்கிறது என்றால் முதலில் உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எல்லா ரசீதும் எல்லை தாண்டச் செல்லாது.

ஷெங்கன் என்றால் வழியில் யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள்தானே?

கேட்பார்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. ரைன் ஆற்றைத் தாண்டியதும் ஜெர்மன் போலீஸ் பெட்டிக்குள் ஏறலாம். மற்ற எல்லைகளிலும் அவ்வப்போது ஏறுவார்கள். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியின் அடியில் புதைக்காமல் கைப்பையில் வைத்தால் போதும், அரை நிமிட வேலை.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கனின் வெளி எல்லைகளில் கைரேகையும் படமும் எடுத்துப் பதியும் புதிய முறை தொடங்கியது. அது குறுகிய காலம் வருகிற பிற நாட்டவருக்கு. ஐரோப்பிய வசிப்பிட அட்டை உள்ளவர்களுக்கு இல்லை.

இணைப்பு ரயிலைத் தவறவிட்டால்?

தவறவிடுவீர்கள் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். ஜெர்மன் ரயில்வேயின் கணக்குப்படியே 2024இல் அதன் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல். எட்டு நிமிட இணைப்பைத் தளம் காட்டுகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். எல்லை தாண்டும் இணைப்புக்கு ஒரு மணி நேரம் என்பது என் குறைந்தபட்சம்.

முழுப் பயணத்துக்கும் ஒரே ஒப்பந்தமாக டிக்கெட் வாங்கியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம். 2023 ஜூன் 7 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் பிந்தினால் 50 சதவீதம் திருப்பிக் கேட்கலாம். கடும் வானிலை போன்ற காரணமாக இருந்தால் அந்தத் தொகை கிடைக்காது, ஆனால் வேறு ரயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அப்போதும் அவர்களுடையதுதான். நீண்ட நேரம் காத்திருக்க வைத்தால் சாப்பாடு, இரவு தங்க வைத்தால் விடுதி.

தனித்தனி டிக்கெட் என்றால் இந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு டிக்கெட்டோடும் முடிந்துவிடும். ஆனாலும் பல மேற்கு, நடு ஐரோப்பிய ரயில் நிறுவனங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு. எல்லை தாண்டும் பயணத்தில் ஒருவரின் ரயில் பிந்தியதால் அடுத்தவரின் ரயில் போய்விட்டால், அடுத்த ரயிலில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். அதற்கு ஒரு சான்று வேண்டும். ஆகவே ரயில் பிந்தத் தொடங்கியதுமே டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் போய் டிக்கெட்டில் முத்திரையோ குறிப்போ வாங்கிவிடுங்கள். இறங்கிய பிறகு கவுண்டரில் நீண்ட வரிசை இருக்கும், அவரோ அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

இரவு ரயிலில் என்ன என்ன வகுப்பு இருக்கிறது? பெண்கள் தனியாகப் போகலாமா?

மூன்று வகை. முதலாவது வெறும் இருக்கை. இரவு முழுக்க உட்கார்ந்து போவதை யாருக்கும் சொல்லமாட்டேன். இரண்டாவது கூஷெட். நம்மூர் ஏசி மூன்றடுக்குக்குக் கதவு வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் நான்கு அல்லது ஆறு பர்த், ஒரு தலையணை, போர்வை, விரிப்பு. ஆணும் பெண்ணும் கலந்து இருப்பார்கள், உடை மாற்றாமல் அப்படியே படுப்பார்கள். மூன்றாவது ஸ்லீப்பர். பெயரைப் பார்த்து நம்மூர் ஸ்லீப்பர் வகுப்பு என்று எண்ணிவிட வேண்டாம், இங்கே அதுதான் உயர்ந்த வகுப்பு. ஒருவர், இருவர் அல்லது மூவருக்கான அறை, உள்ளேயே கைகழுவும் தொட்டி, சரியான மெத்தை. தனியாகப் போகும் பெண்ணுக்கு ஸ்லீப்பரில் பெண்கள் அறையிலேயே இடம் தருவார்கள். நைட்ஜெட் போன்ற ரயில்களில் கூஷெட்டிலும் பெண்கள் அறை கேட்டு வாங்கலாம்.

நாங்கள் இருவர் அறையை எடுத்தோம். ஏறிய சிறிது நேரத்தில் பெட்டிப் பணியாளர் வந்து டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டார், இறங்கும் முன் திருப்பிக் கொடுத்தார். அதற்காகப் பதறவேண்டாம், அதுதான் வழக்கம். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளும் மேலே ஒரு கொக்கியும் உண்டு. இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கீழ் பர்த்தை முதியவர்களுக்கென்று இங்கே தானாக ஒதுக்கமாட்டார்கள், பதியும்போதே நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மா விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் திரையை ஒரு கை அகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஹங்கேரியச் சமவெளியில் சின்னச் சின்ன நிலையங்களின் விளக்கு அவர் முகத்தில் விழுந்து விழுந்து போனது. 'கும்பகோணம் தாண்டின மாதிரி இருக்கு' என்றார். காலையில் கண் விழித்தபோது ருமேனியாவின் மலைப் பகுதிக்குள் இருந்தோம். அப்பர் பர்த்திலிருந்து நான் இறங்குவதற்குள் அவர் தலை பின்னி முடித்திருந்தார்.

பெட்டி எண்ணை மட்டும் கவனமாகப் பாருங்கள். சில இரவு ரயில்களை நடுவழியில் பிரித்து, பாதிப் பெட்டிகளை ஓர் ஊருக்கும் மீதியை வேறொரு நாட்டுக்கும் இழுத்துப் போவார்கள். சரியான ரயிலில் தவறான பெட்டியில் தூங்கிவிட்டால் விடியும்போது வேறெங்கோ இருப்பீர்கள்.

வயதானவர்களால் முடியுமா? சுமை எவ்வளவு கொண்டுபோகலாம்?

முடியும், சுமை குறைவாக இருந்தால். எடை போட்டுப் பார்க்க யாரும் இல்லை, ஆனால் தூக்கிவிடவும் யாரும் இல்லை. போர்ட்டர் என்ற பேச்சே கிடையாது. ரயில்ஜெட்டில் ஏறுவது எளிது. கிழக்கே போகப் போகப் படிகள் உயரமாகவும் கதவுகள் குறுகலாகவும் ஆகின்றன. ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி, ஒரு தோள்பை. அம்மா பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான்களைத் தனியே பார்சல் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டோம், அதுதான் நாங்கள் செய்த நல்ல காரியம்.

நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு நிலையத்தில் உதவி இலவசம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொதுவாக 24 மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். வெட்கப்படாமல் கேளுங்கள். மியூனிக்கில் நடைமேடைகள் நீளம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

மியூனிக்-புடாபெஸ்ட் வரை ரயிலிலேயே உணவகம் உண்டு, சைவமும் கிடைக்கும். அதன் பிறகு ரயிலை நம்பவேண்டாம். புகாரெஸ்ட்-இஸ்தான்புல் பெட்டியில் ஒன்றுமே விற்கமாட்டார்கள், கிட்டத்தட்ட இருபது மணி நேரம். ஓர் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ரொட்டி, பழம், வெள்ளரி, கொறிக்க ஏதாவது.

கார் தெ லெஸ்ட் நிலையத்துக்கு வடக்கே பத்து நிமிட நடையில் லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெரு. பாரிஸில் ஏறுகிறவர்களுக்கு அதைவிட வசதி வேண்டுமா? அங்கே வாங்கிய புளியில் அம்மா கிளம்புவதற்கு முந்தைய இரவே புளிக்காய்ச்சல் கிளறிப் புட்டியில் அடைத்துவிட்டார். புடாபெஸ்ட்டில் அடுப்படி உள்ள அறையாகப் பார்த்து எடுத்திருந்ததால் சோறு வடித்துக் கிளறிக் கட்டிக்கொண்டோம். புகாரெஸ்ட் வரை அது தாங்கியது.

துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பி வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது.

லண்டனிலிருந்து கிளம்பினால்?

யூரோஸ்டார் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து பாரிஸ் கார் து நோருக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று கூட. பாஸ்போர்ட் சோதனை லண்டனிலேயே ஏறுவதற்கு முன் நடக்கும், ஆகவே விமானத்துக்குப் போவது போல முன்கூட்டியே போக வேண்டும். கார் து நோரிலிருந்து கார் தெ லெஸ்ட்டுக்கு நடந்தே பத்து நிமிடம்.

பணம், கடிகாரம்?

பல்கேரியா 2026 ஜனவரி 1 முதல் யூரோவுக்கு மாறிவிட்டது. ஹங்கேரியில் ஃபோரின்ட், ருமேனியாவில் லெய், துருக்கியில் லிரா. அட்டை எல்லா இடத்திலும் ஓடும், கழிப்பறைக்கும் சிறு கடைக்கும் கொஞ்சம் சில்லறை போதும்.

ஹங்கேரியிலிருந்து ருமேனியா நுழையும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். கோடையில் ருமேனியா, பல்கேரியா, துருக்கி மூன்றும் ஒரே நேரம். துருக்கி 2016 முதல் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் குளிர்காலத்தில் அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கூடும். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம்.

எல்லையில் ரயில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது?

பாஸ்போர்ட் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு நாடும் தன் ரயில்வேயைத் தனியாகக் கட்டியது. தண்டவாள அகலம் இந்த வழி முழுக்க 1435 மில்லிமீட்டர்தான், நம்மூர் அகலப்பாதை 1676. ஆனால் மேலே ஓடும் மின்சாரம் வேறு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 15 கிலோவோல்ட், ஹங்கேரியில் நம்மூரைப் போல 25 கிலோவோல்ட். சமிக்ஞை முறை வேறு, ஓட்டுநர் பேசும் மொழி வேறு. பல மின்சாரத்திலும் ஓடும் இன்ஜின் இருந்தால் ரயில் அதிக நேரம் நிற்காமல் போய்விடும். ஆஸ்திரிய-ஹங்கேரிய எல்லை அப்படித்தான், தாண்டியதே தெரியாது. கிழக்கே இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டுவார்கள், ஆளும் மாறுவார். அந்த நேரத்தில் கீழே இறங்கிக் காலாற நடக்க ஆசை வரும். பெட்டியை விட்டு விலகாதீர்கள், அதை வேறு தண்டவாளத்துக்கு நகர்த்திவிடுவார்கள்.

புகாரெஸ்ட்-இஸ்தான்புல் பகுதிதான் கடினம் என்கிறார்களே, எப்படி இருக்கும்?

முதலில் பர்த் டிக்கெட். புகாரெஸ்ட் வடக்கு நிலையத்தில் சர்வதேசக் கவுண்டரில் நேரில் வாங்கினோம், அதற்காகவே அந்த ஊரில் இரண்டு இரவுகள். அந்தக் கோடைப் பெட்டி இந்த ஆண்டு ஓடுகிறதா, எந்தத் தேதியிலிருந்து என்பதை உறுதி செய்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பதிய வேண்டும். மற்ற மாதங்களில் சோபியா போய் அங்கிருந்து இஸ்தான்புல் செல்லும் இரவு ரயிலைப் பிடிக்கலாம். அதில் ஸ்லீப்பர் உண்டு.

பகலில் ருமேனியாவின் ஜுர்ஜுவுக்கும் பல்கேரியாவின் ருசேவுக்கும் நடுவே டான்யூப் ஆற்றைத் தாண்டுவோம். 1954இல் திறந்த இரண்டடுக்குப் பாலம். மேலே வாகனங்கள், கீழே ரயில். ரயில் ஆளின் நடை வேகத்துக்கு வந்துவிட்டது. ஜன்னலோரம் நின்ற அம்மா கொள்ளிடப் பாலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். 1883இல் முதல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு இந்தப் பாலம் இல்லை. ஜுர்ஜுவில் இறங்கிப் படகில் ஆற்றைக் கடந்து, ருசேயில் வேறு ரயில் ஏறி, வர்னா போய், அங்கிருந்து கப்பலில்தான் இஸ்தான்புல் சேர்ந்தார்கள். நடுவில் மாறாமல் தண்டவாளத்திலேயே போக 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரவில் வழியில் சோபியாவிலிருந்து வரும் ரயிலோடு எங்கள் பெட்டியை இணைத்தார்கள். நள்ளிரவு தாண்டிப் பல்கேரியக் காவலர்கள் ஏறிப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். உண்மையான வேலை அதற்கு அடுத்து, துருக்கிப் பக்கம் கப்பிக்குலேயில். மணி இரண்டரை இருக்கும். எல்லோரும் கீழே இறங்க வேண்டும். மஞ்சள் விளக்கில் நடைமேடையில் ஒரு சன்னலுக்கு முன் வரிசை. சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தகப்பன், சைக்கிளோடு இரண்டு இளைஞர்கள். முத்திரை குத்தியதும் பெட்டிகளையும் இறக்கி ஸ்கேனரில் விட வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. உட்கார பெஞ்சு குறைவு. பெரியவர்களை வரிசையின் முன்னால் நிறுத்த முதல் ஆளாக இறங்குங்கள், மறக்காமல் ஒரு ஸ்வெட்டர். ஜூனிலும் அந்த நேரத்தில் குளிர்ந்தது. அம்மாவைப் பார்த்ததும் வரிசையில் முன்னால் இருந்தவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ரயில் ஊருக்குள் வரை போகிறதா?

இல்லை, நகரின் மேற்கு ஓரத்தில் ஹல்கலியோடு நின்றுவிடும். அதே இடத்தில் மர்மரே மின்சார ரயில் ஏறலாம். அங்குள்ள தானியங்கி இயந்திரத்தில் பயண அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்குள் சிர்கெஜி வரும். அங்கே ஆழத்தில் இருக்கும் நிலையத்திலிருந்து நீண்ட நகரும் படிகளில் மேலே வந்தால், 1890இல் திறந்த பழைய சிர்கெஜி நிலையம். பாரிஸ் ரயில்கள் வந்து நின்ற நடைமேடை அப்படியே இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்க்கடையில் வாங்கிய சிமித் ரொட்டியைப் பிய்த்து டீயில் தொட்டுச் சாப்பிட்டோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.